21 என்று கத்தும் கோப்பும் வாய் திறக்காமல் வாங்கிக்கொள்ளும் கோப்பும்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் உள்ள எங்கள் அலுவலகத்தில் கோபால் (COBOL) என்ற பழைய கணினி மொழியில் நிரல் எழுதத் தெரிந்தவர்கள் மூன்றே பேர். இருவருக்குத் தலை நரைத்துவிட்டது. (கோபால் என்பது என் மேலதிகாரியின் பெயர் என்றே என் அம்மா பல வருடங்கள் நினைத்திருந்தார். "அந்த மனுஷர் இன்னும் ஓய்வு பெறவில்லையா?" என்று கேட்பார்.) மூன்றாவது ஆள் சென்ற வருடம் சேர்ந்த தம்பி. கீழே தே தாரிக் குடித்துக்கொண்டிருக்கும்போது அவர் கேட்டார்: "அண்ணே, இண்டெக்ஸ் கோப்பில் எழுத மூன்று முறை இருக்கிறது. எல்லாவற்றுக்கும் டைனமிக் என்று போட்டுவிட்டால் என்ன? எதுவாக இருந்தாலும் ஓடிவிடுமே."

ஓடும், சந்தேகமில்லை. ஓடக்கூடாத நாளிலும் ஓடும் என்பதுதான் என் குறை.

இண்டெக்ஸ் கோப்பு என்றால், ஒவ்வொரு பதிவுக்கும் 'கீ' என்ற அடையாளம் வைத்து, அதைக் கொண்டு பதிவைத் தேடி எடுக்கும் கோப்பு. மூன்று முறைகள் என்று பாடப் புத்தகம் சொல்கிறது: சீக்வென்ஷியல் (வரிசையாக), ரேண்டம் (வேண்டிய கீக்கு நேராக), டைனமிக் (இரண்டும் கலந்தது). படிக்கும் வேலைக்கு இவை மூன்றும் வேறுவேறுதான். எழுதும் வேலைக்கு இரண்டுதான் உண்டு. டைனமிக்கில் 'ரைட்' கட்டளை செய்வதும் ரேண்டமில் செய்வதும் ஒன்றே. கீ என்னவென்று பார்த்து, அதற்குரிய இடத்தில் பதிவைச் செருகும். டைனமிக்கில் கூடுதலாகக் கிடைப்பது, ஓர் இடத்தில் நின்று அங்கிருந்து அடுத்தடுத்துப் படித்துப்போகும் வசதி மட்டும். ஆகவே போட்டி சீக்வென்ஷியலுக்கும் மற்ற இரண்டுக்கும் இடையில்தான்.

சீக்வென்ஷியல் கண்டிப்பான வாத்தியார். கோப்பை 'அவுட்புட்' (புதிதாக எழுத) என்றோ 'எக்ஸ்டெண்ட்' (இருப்பதன் கடைசியில் சேர்க்க) என்றோ திறக்க வேண்டும். 'ஐ-ஓ' (படிக்கவும் திருத்தவும்) என்று திறந்துவிட்டு ரைட் கொடுத்தால் ஃபைல் ஸ்டேட்டஸ் 48 வரும். ஸ்டேட்டஸ் என்பது ஒவ்வொரு கோப்புக் கட்டளைக்குப் பிறகும் நிரலுக்குக் கிடைக்கும் இரண்டு இலக்கக் குறியீடு. அதைவிட முக்கியம், பதிவுகள் கீயின் ஏறுவரிசையில் வந்தாக வேண்டும். முந்தைய கீயைவிடச் சிறிய கீ ஒன்று வந்தால் 21, அதாவது வரிசைப் பிழை. எக்ஸ்டெண்டில் முதல் பதிவின் கீயே கோப்பில் ஏற்கெனவே உள்ள மிகப்பெரிய கீயைத் தாண்டியிருக்க வேண்டும். கீ மைகாட் (மலேசிய அடையாள அட்டை) எண்ணாக இருந்தால் அதன் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதி, வருடத்துக்கு இரண்டே இலக்கம். எனவே 2003-இல் பிறந்த பேரன் 1958-இல் பிறந்த தாத்தாவுக்கு முன்னால் நிற்பான். கோப்புக்கு மூப்பு முறை தெரியாது, எண் மட்டும்தான் தெரியும்.

இந்தக் கண்டிப்புக்குக் கூலியும் உண்டு. ஐபிஎம் மெயின்ஃபிரேம் என்ற பெருங்கணினியின் விசாம் (VSAM) வகை இண்டெக்ஸ் கோப்புகளில், கோப்பை உருவாக்கும்போதே ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு காலியிடம் விட வேண்டும் என்று சொல்லிவைக்கலாம். வரிசையாக ஏற்றும்போது அந்தக் காலியிடத்தை விட்டுவிட்டே பதிவுகள் அடுக்கப்படுகின்றன. பிறகு பகலில் ஒவ்வொன்றாக வரும் புதிய பதிவுகள் அந்தக் காலியிடத்தில் போய் உட்காரும். கட்டம் நிரம்பிய பிறகு ஒரு பதிவு வந்தால், ஏறக்குறைய பாதிப் பதிவுகளை வேறொரு காலிக் கட்டத்துக்கு மாற்ற வேண்டியிருக்கும். அருகில் காலிக் கட்டமும் இல்லையென்றால் பெரிய பகுதி ஒன்றே இரண்டாகப் பிளக்கும். மொத்தக் கோப்பையும் தாறுமாறான வரிசையில் ரேண்டமாக எழுதினால் இந்தப் பிளவுகள் எழுதும் நேரத்திலேயே நடக்கின்றன. வட்டு அங்குமிங்கும் அலையும், நேரம் போகும், கோப்பும் சிதறும். அதே பதிவுகளை முதலில் வரிசைப்படுத்திவிட்டு எழுதினால், வரிசைப்படுத்திய நேரத்தையும் சேர்த்தே சீக்கிரம் முடியும். முழு ஏற்றத்துக்கு ரேண்டம் வென்று நான் இதுவரை பார்த்ததில்லை.

இதில் ஒரு பழைய பள்ளம் இருக்கிறது. மேசைக் கணினியில் வரிசைப்படுத்திய கோப்பை மெயின்ஃபிரேமுக்கு அனுப்பினால் வரிசை அங்கே செல்லாமல் போகலாம். மேசைக் கணினியின் எழுத்துக் குறியீட்டு முறையான ஆஸ்கியில் எண்கள் முன்னால், எழுத்துகள் பின்னால். மெயின்ஃபிரேமின் முறையான எப்சிடிக்கில் எழுத்துகள் முன்னால், எண்கள் பின்னால். ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர் கோப்பை இரவில் ஏற்றிக்கொண்டிருந்தோம். மலேசியருக்கு மைகாட் எண், வெளிநாட்டவருக்குக் கடப்பிதழ் எண் என்று கீ கலந்திருந்தது. மைகாட் எண்கள் முழுவதும் போய்ச் சேர்ந்தன. எழுத்தில் தொடங்கும் முதல் கடப்பிதழ் எண்ணில் 21 வந்து வேலை நின்றது, மணி இரண்டு. கோப்பை மெயின்ஃபிரேமிலேயே மறுபடியும் வரிசைப்படுத்தியிருக்க வேண்டும். அன்று பொறுப்பில் இருந்தவர் அப்படிச் செய்யவில்லை. நிரலில் சீக்வென்ஷியல் என்பதை டைனமிக் என்று மாற்றினார். ஓடியது. எல்லோரும் வீட்டுக்குப் போய்த் தூங்கினோம்.

அந்த மாற்றம் அப்படியே தங்கிவிட்டது. சில மாதங்கள் கழித்து ஒருநாள் ஏற்றத்துக்கு முன்னால் ஓடும் வரிசைப்படுத்தும் நிரல் ஓடாமல் போய், இரண்டு கிளைகளின் கோப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டியபடியே உள்ளே வந்தன. ஒவ்வொரு கோப்பின் கடைசியிலும் மொத்தத் தொகை தாங்கிய ஒரு முடிவுப் பதிவு உண்டு. அதன் கீ பன்னிரண்டு ஒன்பதுகள். அதை எடுத்துவிடுவது வரிசைப்படுத்தும் நிரலின் வேலை. சீக்வென்ஷியலாக இருந்திருந்தால் முதல் கிளையின் கோப்பு கொஞ்சம் தடம் மாறியதுமே 21 வந்திருக்கும். அது தப்பியிருந்தாலும் பன்னிரண்டு ஒன்பதுகளுக்கு அடுத்து வந்த பதிவில் நிச்சயம் வந்திருக்கும். டைனமிக் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது முடிவுப் பதிவு மட்டும் கீ ஏற்கெனவே இருப்பதாக 22 வாங்கியது. அதை 'இன்வாலிட் கீ' பகுதி (கீயில் பிழை வந்தால் ஓடும் நிரல் பகுதி) எண்ணிக்கையில் சேர்த்துவிட்டுக் கடந்துபோனது. அந்த மாத அறிக்கைகளை அச்சிட்டபோது, ஒரு கிளையின் சேமிப்பு முழுவதையும் தன் பெயரில் வைத்திருக்கும் ஒரு பெரும் செல்வந்தர் காகிதக் கட்டில் இருந்தார். அவருக்குப் பெயரும் இல்லை, முகவரியும் இல்லை.

ரேண்டம் கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. பகலில் முகப்பில் ஓர் உறுப்பினர் வந்து பணம் கட்டினால், அந்த ஒரு பதிவுக்காக யாரும் எதையும் வரிசைப்படுத்திக்கொண்டிருக்க முடியாது. அங்கே ரேண்டம்தான் வழி. அதற்குள்ளும் இரண்டு பழக்கங்கள் போட்டியிடுகின்றன. ஒரு பிரிவினர் முதலில் படிப்பார்கள். இருந்தால் 'ரீரைட்' (இருக்கும் பதிவின் மேல் எழுதுவது), இல்லாவிட்டால் ரைட். இன்னொரு பிரிவினர் நேராக ரைட் கொடுத்து, 22 வந்தால் ரீரைட் கொடுப்பார்கள். புதிய பதிவுகளே பெரும்பாலும் வரும் இடத்தில் இரண்டாவது பழக்கத்தில் ஒருமுறை படிக்கும் வேலை மிச்சம்.

அந்த மிச்சத்துக்காக நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ரேண்டமில் ரீரைட் செய்ய முன்னதாகப் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கீ இருந்தால் போதும், பழைய பதிவு முழுதாகப் போய்ப் புதியது அங்கே உட்காரும். நீங்கள் நிரப்பாத களங்களும் சேர்ந்துதான் போகும். தொலைபேசி எண்ணைத் திருத்த வந்தவர் வாரிசுதாரரின் பெயரை அழித்துவிட்டுப் போன கதை எங்களிடம் உண்டு. சீக்வென்ஷியல் இங்கேயும் கறாரானது: படிக்காமல் ரீரைட் கொடுத்தால் 43. அதோடு, ரைட் வெற்றி பெற்ற பிறகு பதிவுப் பகுதியில் பழைய தரவு இருக்கும் என்று நம்பக்கூடாது. இருக்கும் என்ற உத்தரவாதத்தை மொழி தரவில்லை. ஒரு தொகுப்பியில் (கம்பைலரில்) இருந்தது, இன்னொன்றில் இல்லை என்று பிறகு அழுவதைவிட, எழுதுவதற்கு வேறொரு பகுதியிலிருந்து நகர்த்திக்கொள்வது நல்லது.

பாதியில் மின்சாரம் போனால் என்ன என்பதையும் கேட்க வேண்டும். சீக்வென்ஷியலாகப் புதிய கோப்பு எழுதிக்கொண்டிருந்தால் அரைகுறைக் கோப்பைத் தூக்கி எறிந்துவிட்டு முதலிலிருந்து ஓட்டலாம். பழையது தொடப்படாமல் கிடக்கிறது. ரேண்டமாக நேரடிக் கோப்பிலேயே கை வைத்திருந்தால் எதுவரை போனது என்று தேட வேண்டும். மறுபடி ஓட்டினால் ஏற்கெனவே எழுதியவை 22 தரும். நிரல் அந்த 22-ஐப் பார்த்து, இருக்கும் தொகையோடு புதிய தொகையைக் கூட்டும் வகை என்றால், உறுப்பினர் இரண்டு முறை பணம் கட்டியதாகிவிடும். அவர் புகார் சொல்லவும் மாட்டார்.

ஆகவே இரவு வேலைக்கு நான் இன்றும் பழைய பாணிதான்: பழைய மூலக் கோப்பையும் அன்றைய பரிவர்த்தனைகளையும் வரிசையாகப் படித்து, புதிய மூலக் கோப்பை வரிசையாக எழுதுவது. பத்தில் ஒரு பதிவுக்கு மேல் மாறுகிறது என்றால் இதுதான் என் கணக்கு. லட்சத்தில் நூறு மாறுகிறது என்றால் ரேண்டமே போதும். நூறு பேருக்காக லட்சத்தையும் நகலெடுப்பது வீண்.

மாற்றுக் கீகள் (முதன்மைக் கீ தவிர, தேடுவதற்கு வைக்கும் கூடுதல் கீகள்) வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வரிசை என்பது முதன்மைக் கீக்கு மட்டும்தான். பெயரை மாற்றுக் கீயாக வைத்தால் அந்த இண்டெக்ஸில் ஒவ்வொரு பதிவும் தாறுமாறாகத்தான் விழும், சீக்வென்ஷியலின் வேகத்தில் ஒரு பங்கு அங்கே கரையும். நம் பெயர்கள் வேறு! எத்தனை முனியாண்டிகள், எத்தனை லட்சுமிகள். ஒரே பெயர் மறுபடி வரலாம் என்று அனுமதித்திருந்தால் ஸ்டேட்டஸ் 02 வரும். அது பிழை அல்ல, வெற்றிதான். 00 மட்டுமே வெற்றி என்று சோதிக்கும் நிரல் இரண்டாவது முனியாண்டியில் நின்றுவிடும். முதல் இலக்கம் சுழியமா என்று மட்டும் பாருங்கள்.

தம்பி மடிக்கணினியில் குனூ கோபால் என்ற இலவசத் தொகுப்பியை வைத்துப் பழகுகிறார். அங்கும் சீக்வென்ஷியலாக எழுதினால் 21-க்குக் கண்டிப்பு உண்டு. ஆனால் 'அவுட்புட்' என்று திறந்த கணமே இருந்த கோப்பு காலியாகிவிடும், யாரும் கேட்கமாட்டார்கள். பெர்க்லி டிபி என்ற தரவுத்தள மென்பொருளின் மேல் கட்டிய குனூ கோபாலில் ஒவ்வொரு மாற்றுக் கீயும் தனிக் கோப்பாக, பெயரின் பின்னால் .1, .2 என்று நிற்கும். முதல் கோப்பை மட்டும் நகலெடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போன தம்பி, பெயர் வைத்துத் தேட முடியவில்லை என்று மறுநாள் காலை வந்து நின்றார்.