கால்கள் ஓய்ந்தபோது வாங்கிய மிதவை

நான் வாங்கியது புல் பாய் (pull buoy). தமிழில் எழுதிப் பார்த்தால் கோரைப்பாயின் உறவு போலத் தெரியும். ஆனால் இது தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு நீந்துகிற, எட்டு வடிவ ஃபோம் மிதவை. விலை 650 ரூபாய். இரண்டு மாதமாகப் பயன்படுத்துகிறேன்.

எனக்கு 51 வயது. வயதுவாரியாக நடக்கும் மாஸ்டர்ஸ் போட்டிகளில் 50-54 பிரிவில் 100, 200 மீட்டர் பிரெஸ்ட் ஸ்ட்ரோக் (தவளை போல உதைக்கும் நீச்சல்) நீந்துகிறேன். இந்த நீச்சலில் உந்துவிசையின் பெரும்பங்கு கால் உதையில்தான். அதனால் மார்ச்சில் வாரம் நான்கு நாள், கிக் போர்டு என்கிற மிதவைப் பலகையைக் கையில் பிடித்துக்கொண்டு 1,200 மீட்டர் உதைத்தேன். மூன்றாவது வாரத்தில் வீட்டு மாடிப்படி ஏறக் கைப்பிடி தேவைப்பட்டது. காலையில் படுக்கையிலேயே பார்க்கும் நாடித்துடிப்பு 58இலிருந்து 67 ஆனது. நூறு மீட்டருக்கு நான்கு விநாடி கூடியது. கூடக் கூட இன்னும் உதைத்தேன். அதுதான் நான் செய்த தவறு. பாதத்தை வெளியே திருப்பி வீசி உதைக்கும்போது முழங்காலின் உள்பக்கத் தசைநார் இழுபடும். வலது முழங்காலில் சரியாக அந்த இடத்தில் வலி வந்தது.

"அக்கா, ரெண்டு வாரம் கால் உதையை மறந்துடுங்க. தண்ணிய மட்டும் விட்டுடாதீங்க" என்றார் கோச். இருபத்தைந்து வயதில் இரண்டு இரவு தூங்கினால் கால் சரியாகிவிடும். இப்போது பத்து நாளாவது ஆகிறது. அத்தனை நாள் குளத்துக்கே போகாமல் இருந்தால் உள்ளங்கைக்குத் தண்ணீர் பிடிபடாமல் போய்விடும். நீந்துகிறவர்களுக்கு இந்தப் பயம் தெரியும்.

முதல் நாள், புல் பாயைத் தொடைகளின் மேற்பகுதியில் இடுக்கிக்கொண்டு சுவரைத் தள்ளினேன். இடுப்பு தானாக மேலே வந்தது. கால்கள் கயிறு கட்டி இழுத்த படகு மாதிரி பின்னாலேயே வந்தன. ஃப்ரீஸ்டைலில் 200 மீட்டர் போயும் மூச்சு வாங்கவில்லை. உடம்பின் பெரிய தசைகள் தொடையிலும் பின்பக்கத்திலும்தான் இருக்கின்றன. அவை வேலை செய்யாவிட்டால் ஆக்ஸிஜன் தேவையும் குறைகிறது. ஐந்தாம் நாள் ஏணியில் கரை ஏறும்போது கால் நடுங்கவில்லை. இந்த சீசன் போய்விட்டது என்றே நினைத்திருந்தவள், நீச்சல் கண்ணாடியைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் அழுதேன்.

பன்னிரண்டாம் நாள் நாடித்துடிப்பு 59. இரவு ஒன்பதரைக்கே படுத்ததற்கும் அதில் பங்கு உண்டு. புல் பாய் மருந்து இல்லை. கால்கள் ஓய்வெடுக்கும்போது நம்மைத் தண்ணீரில் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். முழங்கால் வீங்கினாலோ மடக்க முடியாமல் போனாலோ பிசியோவிடம் போய்விடுங்கள்.

குறைகளும் உண்டு. கால் செய்யாத வேலை தோளுக்குப் போகிறது. சந்தோஷத்தில் ஒரே நாளில் 2,000 மீட்டர் நீந்தினேன். மறுநாள் வலது தோளின் முன்பக்கம் கையைத் தூக்கவே விடவில்லை. இப்போது 800 மீட்டருக்கு மேல் போவதில்லை. இதை வைத்துக்கொண்டு பிரெஸ்ட் ஸ்ட்ரோக் கைவீச்சு செய்தபோது அடிமுதுகு பிடித்தது, அதை விட்டுவிட்டேன். கால் மூழ்குகிற பழக்கம் உள்ளவர்களுக்கு இது அந்தக் குறையை மறைத்துவிடும். கழற்றியதும் கால் பழையபடி கீழே போகும். அதனால் ஒவ்வொரு 200 மீட்டருக்குப் பிறகும் 50 மீட்டர் இது இல்லாமல் நீந்திப் பார்ப்பது நல்லது.

ஃபோம் தண்ணீரை உறிஞ்சுவதில்லை. நீந்தி முடித்ததும் நல்ல தண்ணீரில் அலசினால் போதும். ஆனால் வெயிலில் மூடிய காருக்குள் விடாதீர்கள். சென்னை மே மாத வெயிலில் ஒரு மதியம் விட்டதில் என்னுடையதன் ஒரு ஓரம் சுருங்கிவிட்டது, இப்போது அந்தப் பக்கம் தொடையில் உராய்கிறது.

மூன்றாவது வாரம் 300 மீட்டர் உதையோடு மறுபடி தொடங்கினேன், அதுவும் வாரத்தில் இரண்டே நாள். மற்ற நாட்களில் இன்னும் இதுதான்.

வாங்கும்போது அளவு பாருங்கள். பெரியதாக இருந்தால் இடுப்பு தேவைக்கு மேல் எழும், கால் அகலமாகவே நிற்கும். சின்னதாக இருந்தால் நழுவாமலிருக்கத் தொடையை இறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அப்புறம் காலுக்கு ஓய்வு எங்கே? கடையிலேயே இடுக்கிக்கொண்டு நான்கு அடி நடந்து பாருங்கள். கூச்சப்பட வேண்டாம், நானும் அப்படித்தான் வாங்கினேன்.