சைலன்ட் வேலி ஜீப் பயணம்: கட்டாயம் போய் வாருங்கள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது சைலன்ட் வேலி மழைக்காடு. முக்காலி என்ற ஊரிலிருந்து காட்டுக்குள் இருக்கும் சைரந்திரி வரை சுமார் 23 கிலோமீட்டர், சொந்த வண்டியை விடமாட்டார்கள், குலுக்கி எடுக்கும் காட்டுப்பாதை என்பதால் இடுப்பு வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். ஆனால் சைரந்திரியில் இருக்கும் காட்சிக் கோபுரத்தில் ஏறி குந்திப்புழையைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இந்த ஆற்றின் குறுக்கேதான் மின்சாரத்துக்காக அணை கட்டவிருந்தார்கள்! காட்டைக் காப்பாற்ற கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் இயக்கமும் சுகதகுமாரி போன்ற கவிஞர்களும் விடாமல் போராடினார்கள், 1983இல் திட்டம் கைவிடப்பட்டது, 1984இல் தேசியப் பூங்கா ஆனது.

திரும்பும்போது வழிகாட்டி அண்ணன் வண்டியை நிறுத்தச் சொல்லி, பேசாமல் மேலே கைகாட்டினார். ஒரு சிங்கவால் குரங்கு முள்முள்ளான வெடிப்பலாக் காயை இரண்டு கையாலும் பிடித்துக் கடித்துக்கொண்டிருந்தது. அணை வந்திருந்தால் அதற்கு ஏது இடம்?

அப்புறம், காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.