வாத்து வண்டியா, ஆற்றுப் படகா? ஒரு வேலூர்க்காரரின் சிங்கப்பூர் கணக்கு

ஆற்றில் வண்டி இறங்குவது எங்களுக்குப் புதிதில்லை. பாலாற்று மணலில் மாட்டு வண்டியும் டிராக்டரும் இறங்கி ஏறுவதைப் பார்த்தே வளர்ந்தோம். ‘சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு’ என்று வேலூரைக் கிண்டல் செய்வார்கள். ஜலகண்டேசுவரர் 1981-இல் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். ஆறுதான் 2021 நவம்பரில் கரைபுரண்டு வந்ததுபோல எப்போதாவது தலைகாட்டிவிட்டுப் போகிறது. அதனால்தான், சாலையில் ஓடிக்கொண்டிருந்த வண்டி அப்படியே தண்ணீரில் இறங்கும் வீடியோவைச் சித்தப்பா மகன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பியதும் எங்கள் வீட்டில் சாப்பாட்டுத் தட்டுகள் ஆறிப்போயின.

போய் வந்தோம். காலையில் பிள்ளைகளோடு சாலையிலும் தண்ணீரிலும் ஓடும் அந்த ‘வாத்து வண்டி’, இன்னொரு நாள் மாலையில் அம்மாவோடு சிங்கப்பூர் ஆற்றுப் படகு. அன்றிலிருந்து சிங்கப்பூர் கிளம்பும் சொந்தக்காரர்கள் எல்லாரும் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது, எதில் ஏறலாம்?

முதலில் அந்த வண்டியைப் பற்றி. ‘வாத்து’ என்ற பெயர் இரண்டாம் உலகப்போர்க் காலத்து ராணுவ வண்டியிலிருந்து வந்தது. 1942-இல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் இரண்டரை டன் லாரியின் அடிப்பாகத்தில் படகின் உடலைப் பொருத்தி ஒரு வண்டி செய்தது. அதன் குறியீட்டு எழுத்துகள் டி, யு, கே, டபிள்யு. அதைச் சேர்த்து வாசித்துப் படைவீரர்கள் ‘டக்’ (ஆங்கிலத்தில் வாத்து) ஆக்கிவிட்டார்கள். இருபதாயிரத்துக்கும் மேல் செய்து, பிரான்சின் நார்மண்டிக் கடற்கரையில் படைகளை இறக்கியது வரை ஓட்டினார்கள். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடியே டயர்க் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் அதில் வசதி உண்டு. மணலில் ஏறும்போது காற்றைக் குறைத்தால் டயர் அகன்று புதையாமல் போகும், தார் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். மணலில் டிராக்டர் சிக்கினால் டயர்க் காற்றை இறக்கிவிடுகிற எங்கள் ஊர் டிரைவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

சிங்கப்பூரில் நாங்கள் ஏறியது அதன் தம்பி. வியட்நாம் போர்க் காலத்து ‘லார்க்’ வகை, அலுமினிய உடல், ஐந்து டன் சரக்கு ஏற்றச் செய்தது. இதில் ஸ்பிரிங் கிடையாது. மேடுபள்ளத்தின் அதிர்ச்சியைத் தாங்க அந்த ராட்சத டயர்கள் மட்டும்தான். சிங்கப்பூர்ச் சாலை வழவழவென்று இருப்பதால் பிழைத்தோம். எங்கள் காட்பாடி ரோட்டில் ஓட்டினால் இடுப்பு கழன்றுவிடும்.

ஏறுவதே ஒரு வேலை. தளம் ஆள் உயரத்துக்கு இருக்கிறது, படிக்கட்டுப் போட்டு ஏற்றுகிறார்கள். ஏசி இல்லை, பக்கங்கள் திறந்தவை, எஞ்சின் சத்தம் காதிலேயே கேட்கும். வழிகாட்டி ஒலிபெருக்கியில் வேகமான ஆங்கிலத்தில் பேசுகிறார், நடுநடுவே எல்லாரையும் ‘குவாக் குவாக்’ என்று கத்தச் சொல்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது. சின்னவள் மட்டும் ஊருக்கு வந்து ஒரு வாரம் கழித்தும் கத்திக்கொண்டிருந்தாள்.

பிறகு அந்த நிமிடம். வண்டி சாய்தளத்தின் மேலே நிற்கிறது, கீழே தண்ணீர். மூக்கு இறங்குகிறது, இருபுறமும் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது, சக்கரத்தின் உலுக்கல் சட்டென்று நின்று உடம்பு லேசாகிறது. பத்து விநாடி இருக்கும். நீங்கள் கொடுக்கும் காசில் பாதி இந்தப் பத்து விநாடிக்குத்தான். சாலைக்கும் தண்ணீருக்கும் சேர்த்து மொத்தம் ஒரு மணி நேரம். தண்ணீரில் இறங்கிய பிறகு அது மெதுவாகப் போகும் ஒரு படகு, அவ்வளவுதான். பார்ப்பதும் படகில் பார்க்கும் அதே காட்சிகள்தான்: 8.6 மீட்டர் உயரத்தில் நின்று தண்ணீர் துப்பும் மெர்லயன் (சிங்கத் தலை, மீன் உடல் கொண்ட சிலை), மூன்று கோபுரத்தின் தலையில் கப்பலைத் தூக்கி வைத்ததுபோல நிற்கும் ஓட்டல், பலாப்பழத் தோல் போர்த்திய எஸ்பிளனேடு கலையரங்கம் (அவர்கள் டுரியான் என்கிறார்கள், எனக்குப் பலாதான்).

படகு வேறு வகை. கிளார்க் கீ துறையில் ஏறுகிற அந்த மரப்படகுகளின் முன்னோர்கள், கப்பலிலிருந்து அரிசியும் ரப்பரும் இறக்கிக் கரையோரக் கிடங்குகளுக்குக் கொண்டுபோனவை. அந்தக் காலத்தில் ஆறு நாறிக் கிடந்தது. 1977-இல் பிரதமர் லீ குவான் யூ பத்து வருடக் கெடு வைத்தார். பன்றிப் பண்ணைகளையும் தெருக்கடைகளையும் படகுப் பட்டறைகளையும் வேறிடத்துக்கு மாற்றி, அடிச்சேற்றை வாரி, 1987-இல் ஆற்றை மீட்டார்கள். தோல் தொழிற்சாலைக் கழிவைப் பாலாறு சுமந்த கதை தெரிந்த எங்களுக்கு இதைக் கேட்டதும் ஒரு பெருமூச்சு வந்தது. அம்மா மட்டும் கேட்டார்: “பத்து வருசத்துல முடிச்சிட்டாங்களா?”

படகில் நாற்பது நிமிடம். 1869-இல் கட்டிய கேவனா பாலத்தின் அடியில் போகும்போது குனிந்துகொள்ளலாம் போலத் தோன்றும். சத்தம் குறைவு, ஏறுவது சுலபம், டிக்கெட்டும் வாத்து வண்டியைவிடக் கணிசமாகக் குறைவு. எல்லாவற்றுக்கும் மேலாக, இரவில் போகலாம். அங்கே வருடம் முழுக்க ஏழு மணி வாக்கில்தான் இருட்டும். ஏழரைப் படகைப் பிடித்தால் கட்டட விளக்கெல்லாம் தண்ணீரில் கரைந்து கிடக்கும், விரிகுடாக் கரையில் நடக்கும் எட்டு மணி ஒளிக்காட்சிக்கும் வசதியாக இருக்கும். வாத்து வண்டியின் விலையைச் சொன்னதும் “அதுக்குப் போயி இம்மாந் துட்டா?” என்ற அம்மா, படகை விட்டு இறங்கியதும் இன்னொரு சுற்றுப் போகலாமா என்றார். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இதற்கு மேல் சான்று வேண்டுமா?

மாடி திறந்த பஸ்ஸும் ஒன்று ஓடுகிறது. மத்தியான வெயிலில் ஏறினேன். வேலூர் வெயிலை விட்டு விமானம் ஏறிப்போய் அங்கேயும் வெயில் காய வேண்டாம்.

பாதுகாப்பை மட்டும் மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மச்சான் ஒருவர் அமெரிக்கச் செய்தியைக் காட்டிப் பயமுறுத்தினார். அவர் சொன்னது உண்மைதான். 2018 ஜூலை 19 அன்று மிசோரி மாநிலத்து டேபிள் ராக் ஏரியில் புயல்காற்றில் ஒரு வாத்து வண்டி மூழ்கி, இருந்த 31 பேரில் 17 பேர் இறந்தார்கள். 1999-இல் ஆர்கன்சாவில் 13 பேர் போனார்கள். இரண்டிலும் ஆளைக் கொன்றது தண்ணீர் மட்டுமில்லை, மேலே போட்டிருந்த கூரையும்தான். வண்டி மூழ்கும்போது மேலே மிதந்து வர முடியாமல் கூரை தடுத்துவிடுகிறது. அதனால் கூரையை எடுங்கள், தண்ணீர் புகுந்தாலும் மிதக்கும்படி வண்டியை மாற்றுங்கள் என்று அந்நாட்டு விசாரணை அமைப்பு 1999 விபத்துக்குப் பிறகே பரிந்துரைத்தது. ஆக்சிலும் புரொப்பல்லர் தண்டும் உடலைத் துளைத்துக்கொண்டு போவதால் இந்த வண்டிகளில் கொஞ்சம் தண்ணீர் கசிவது வழக்கம், பம்பு அதை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். பக்கவாட்டில் தண்ணீர் கொட்டுகிறதே என்று பதற வேண்டாம்.

சிங்கப்பூரில் வண்டி இறங்குவது திறந்த ஏரியில் அல்ல. 2008-இல் கடல்வாயின் குறுக்கே தடுப்பணை கட்டிக் குடிநீர்த் தேக்கமாக மாற்றிய விரிகுடா அது. கடல் ஓதம் உள்ளே வராது, அலை கிடையாது. ஆனாலும் அங்கே மத்தியானத்துக்கு மேல் இடிமழை திடுதிப்பென்று வரும். அதனால் என் யோசனை, வாத்து வண்டிக்குக் காலை நேரம், வானம் கறுத்திருந்தால் ஏறவே வேண்டாம். உட்கார்ந்ததும் உயிர்காப்பு அங்கி எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் வெளியே வரலாம் என்று பாருங்கள். பிள்ளையைப் பக்கத்துச் சீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், பின் வரிசையில் விடாதீர்கள்.

ஆக, ஐந்திலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் பிள்ளை இருந்தால் வாத்து வண்டி. அந்தப் பத்து விநாடியை வேறு எதிலும் வாங்க முடியாது. பெரியவர்களோடு போனாலோ, புதுசாகக் கல்யாணமானவர்கள் என்றாலோ யோசிக்காமல் இரவுப் படகு. வாலிபப் பையன்கள் நாலு பேர் போனால் ரெண்டும் வேண்டாம், கரையோரமாக நடந்தாலே எல்லாம் தெரியும், மிச்சக் காசில் லிட்டில் இந்தியாவில் பிரியாணி சாப்பிடலாம். ஆம்பூர் பிரியாணியை நினைத்துக்கொண்டு சாப்பிடக் கூடாது, அவ்வளவுதான்.

பாஸ்போர்ட் இல்லாதவர்கள் என்ன செய்வது என்று பெரியம்மா கேட்டார். நியாயமான கேள்வி. ஏலகிரியில் புங்கனூர் ஏரியில் மிதிபடகு இருக்கிறது. பதினான்கு கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போனதற்கு அது கொஞ்சம் சப்பென்று இருக்கும், பிள்ளைகளுக்குப் போதும். உடம்பு சிலிர்க்க வேண்டுமென்றால் ஒகேனக்கல் பரிசல்தான். மூங்கில் கூடை, ஒரே துடுப்பு, பாறைச் சுவர்களுக்கு நடுவே காவிரி. பரிசல்காரர் ஒரு சுழற்று சுழற்றும்போது கிடைக்கிற உணர்வு அந்தச் சாய்தளப் பத்து விநாடிக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை, செலவோ விமான டிக்கெட்டின் ஓரத்துக்கு வராது. உயிர்காப்பு அங்கியின் கொக்கிகளை எல்லாம் மாட்டிக்கொண்டு உட்காருங்கள். காவிரியில் நீர்வரத்து கூடினால் பரிசலுக்குத் தடை போட்டுவிடுவார்கள், அதனால் விடியற்காலையில் கிருஷ்ணகிரி வழியாகக் கிளம்பும் முன்னால் அன்றைய செய்தியை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.