"வெயிட் தூக்கலைன்னா ஒரு கிலோ கூட குறையாது"ன்னு சொல்லி என்னை ஏமாத்துனாங்க, ஜிம்ல சேரப்போறவங்க படிச்சுட்டு போங்க

கொஞ்சம் நீளமான பதிவுதான், பொறுமையா படிங்க. ஆறு மாச பேக்கேஜுக்கு மொத்தக் காசையும் முதல் நாளே கட்டி, நாலாவது மாசத்துல இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு வெளிய வந்தவ நான். எந்த ஜிம்முன்னு சொல்லப் போறதில்லை, ஏன்னா இது ஒரு ஜிம்மோட கதை மட்டும் இல்லைன்னு இப்ப நல்லா தெரியுது, இதே வசனத்தை வேற வேற இடத்துல கேட்டவங்க என்கிட்டயே நாலு பேர் சொல்லிட்டாங்க.

எனக்கு வயசு 43. ஜிம்முக்குப் போறதுக்கு முன்னாடி நான் பண்ணிட்டிருந்தது ரொம்ப சாதாரணம், தினமும் முக்கால் மணி நேரம் வேகமா நடப்பேன், தட்டுல போடுற அளவைக் கொஞ்சம் குறைச்சேன், அவ்வளவுதான். 84 கிலோவுல இருந்து ரெண்டு மாசத்துல 81க்கு வந்திருந்தேன். மெதுவாதான், ஆனா குறைஞ்சிட்டு இருந்துச்சு. இதை முதல்ல சொல்றதுக்குக் காரணம் இருக்கு, நல்லா ஓடிட்டிருந்த வண்டியை நிறுத்தித்தான் என்னை வேற வண்டியில ஏத்துனாங்க.

போன அன்னைக்கே ஒரு மெஷின் மேல வெறுங்கால்ல நிக்க வச்சாங்க, பாடி காம்போசிஷன் டெஸ்ட்டாம், உடம்புல கொழுப்பு எவ்வளவு, மசில் எவ்வளவுன்னு பார்க்கிறது. பேப்பர் வந்துச்சு. கொழுப்பு 41 சதவீதம், மெட்டபாலிக் ஏஜ் 58, அதாவது உடம்பு கலோரி எரிக்கிற வேகத்தை வச்சு மெஷின் சொல்ற வயசு. ட்ரெய்னர் அந்தப் பேப்பரைப் பார்த்துட்டு ஒரு நிமிஷம் பேசவே இல்லை, அப்புறம் மெதுவா, "மேடம், நீங்க குறைச்ச மூணு கிலோவும் மசில்தான் மேடம், கொழுப்பு அப்படியே இருக்கு, நடைப்பயிற்சி மசிலைக் கரைச்சிடும், ஸ்ட்ரென்த் ட்ரெய்னிங் இல்லாம யாருக்குமே வெயிட் குறையாது, குறைஞ்சாலும் டபுளா திரும்பி வரும்"னாரு. அது கூட இன்னொண்ணு சொன்னாரு பாருங்க, ஒரு கிலோ மசில் ஏறுனா தூங்கும்போதே தினமும் நூறு கலோரி தானா எரியுமாம். 43 வயசுல 58ன்னு ஒரு பேப்பரை நீட்டுனா எவளுக்குத்தான் வயித்தைக் கலக்காது, அன்னைக்கே கட்டிட்டேன்.

நடைப்பயிற்சியை நிறுத்தச் சொன்னாரு, நிறுத்திட்டேன். வாரம் மூணு நாள், ஒரு மணி நேரம், பர்சனல் ட்ரெய்னிங்னு பேரு. முதல் வாரம் மட்டும் பக்கத்துல நின்னாரு. அப்புறம் போர்டுல எழுதியிருக்கிறதைப் பண்ணுங்க மேடம்னு சொல்லிட்டு போனும் கையுமா போயிடுவாரு. அந்த போர்டுல இருந்தது எனக்குன்னு எழுதுனது இல்லை, இருபது வயசுப் பையனுக்கும் அதே செட், முழங்கால் வலின்னு வந்த ஒரு அம்மாவுக்கும் அதே செட். போன வாரம் எவ்வளவு தூக்குனேன், இந்த வாரம் எவ்வளவுன்னு ஒரு நோட்டு கூடக் கிடையாது. ஸ்ட்ரென்த் ட்ரெய்னிங்னா அந்த நோட்டுதான் உயிர், கொஞ்சம் கொஞ்சமா பாரத்தைக் கூட்டினாத்தான் உடம்பு பதில் சொல்லும், அது எனக்கு ரொம்ப லேட்டாதான் தெரிஞ்சுது.

மூணாவது வாரம் ஒரு பெரிய டப்பா பவுடர் கொடுத்தாரு, இது இல்லாம மசில் ஏறாதுன்னு. அதுக்கு தனிக் காசு. தினமும் ஒரு தடவை குடிச்சேன்.

ஒண்ணரை மாசம் ஆச்சு, 82 கிலோ. ஏன் சார் கூடுதுன்னு கேட்டேன். "அது மசில் மேடம், மசில் வெயிட்டு ஜாஸ்தி"ன்னு மறுபடி மெஷின்ல ஏத்துனாரு. நம்பவே முடியலை, கொழுப்பு 36 சதவீதம்! நான் அழுதே இருப்பேன் சந்தோஷத்துல. வீட்டுல எல்லாருக்கும் காட்டினேன் அந்தப் பேப்பரை. ஆனா பேன்ட் மட்டும் முன்னைவிட இறுக்கமா இருந்துச்சு, அதை நான் யார்கிட்டயும் சொல்லலை, எனக்கு நானே கூட சொல்லிக்கலை.

நாலாவது மாசம் 84. கிளம்புன இடத்துக்கே திரும்பி வந்தாச்சு. அந்த வாரமே டெட்லிஃப்ட்ல, அதாவது குனிஞ்சு தரையில இருக்கிற வெயிட்டைத் தூக்கி நிமிர்றதுல, பாரத்தைக் கூட்டச் சொன்னாரு, முதுகு வளையுதுன்னு பக்கத்துல இருந்த ஒரு பொண்ணு சொன்னா, இவரு திரும்பியே பார்க்கலை, ஆறாவது தடவை தூக்கும்போது இடுப்புல சுரீர்னு ஒண்ணு. அப்படியே உக்காந்துட்டேன். அவரு வந்து சொன்ன முதல் வார்த்தை "நீங்க ஃபார்ம் சரியா பண்ணலை மேடம்".

மூணு வாரம் ரெஸ்ட். வீட்டுல படுத்திருந்தப்பதான் எல்லாம் வெளிய வந்துச்சு.

முதல்ல அந்த டப்பா. பிசியோகிட்ட போனப்ப அங்க இருந்த டயட்டீஷியன்கிட்ட லேபிளைக் காட்டினேன், அவங்க படிச்சுட்டு என்னையே பார்த்தாங்க. அது புரோட்டீன் பவுடரே இல்லை, மாஸ் கெயினர். ஒல்லியா இருக்கிறவங்க வெயிட் ஏத்தக் குடிக்கிறது. ஒரு தடவைக்கு 380 கலோரி, அதுல புரோட்டீன் வெறும் 15 கிராம், மீதி பெரும்பாலும் மால்டோடெக்ஸ்ட்ரின், அதாவது மாவுச்சத்து. ஒரு கிலோ கொழுப்புங்கிறது சுமாரா 7700 கலோரி, நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க, நான் வழக்கமா சாப்பிடுறதுக்கு மேல இதை மட்டும் இருபது நாள் குடிச்சாலே கிட்டத்தட்ட அந்தக் கணக்கு வந்துடும். நடையையும் நிறுத்தியாச்சு. வெயிட் குறைக்க வந்த ஒருத்திக்கு வெயிட் ஏத்துற பவுடரைக் காசு வாங்கிட்டு கொடுத்திருக்காங்க, இதை என்னால இன்னைக்கும் மன்னிக்க முடியலை.

அடுத்தது அந்த ரெண்டு பேப்பர். பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தேன். மேல சின்ன எழுத்துல மோடுன்னு ஒரு வரி. முதல் பேப்பர்ல ஸ்டாண்டர்ட். ரெண்டாவதுல அத்லெட். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அந்த மெஷினோட மேனுவலைத் தேடிப் படிச்சா, அத்லெட் மோடுங்கிறது வாரத்துக்கு 10 மணி நேரமாவது கடுமையா பயிற்சி பண்றவங்களுக்குன்னு தெளிவா போட்டிருக்கு. நான் பண்ணது மூணு மணி நேரம். அந்த மோடுல போட்டா அதே ஆளுக்கு அதே நிமிஷத்துல கொழுப்பு குறைச்சலா காட்டும். இது போதாதுன்னு முதல் டெஸ்ட் காலைல தண்ணி கூடக் குடிக்காம, ரெண்டாவது டெஸ்ட் ஒர்க்கவுட் முடிஞ்ச கையோட. அந்த மெஷின் உடம்புக்குள்ள லேசா கரண்டை விட்டு அது எவ்வளவு தடைப்படுதுன்னு பார்த்துதான் கொழுப்பைக் கணக்குப் போடுது, கொழுப்பை நேரா அளக்கிறது இல்லை. உடம்பு சூடா, தோல்ல ரத்த ஓட்டம் ஜாஸ்தியா இருந்தா கரண்ட் சுலபமா போகும், கொழுப்பு கம்மின்னு காட்டும். தண்ணி குறைஞ்ச உடம்புன்னா அப்படியே தலைகீழ். அந்தப் பேப்பர் கணக்குப்படி எனக்கு ஆறு வாரத்துல நாலு கிலோவுக்கு மேல மசில் ஏறியிருக்கணும். எல்லாத்தையும் ஒழுங்கா பண்றவங்களுக்கே அந்த வேகத்துல ஏறாது.

இப்ப முக்கியமான கேள்வி, வெயிட் குறைய ஸ்ட்ரென்த் ட்ரெய்னிங் வேணுமா வேண்டாமா. இதுல என்னை ஏமாத்துனவங்க மேல இருக்கிற கோவத்துல நான் பொய் சொல்ல விரும்பலை, அதனால படிச்சதை அப்படியே சொல்றேன். தராசு முள்ளு கீழ இறங்கணும்னா அது கட்டாயம் இல்லை. செலவாகுற கலோரியை விட உள்ள போறது குறைவா இருந்தா வெயிட் குறையும், நடந்தாலும் குறையும், சாப்பாட்டு அளவை மட்டும் குறைச்சாலும் குறையும். அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின் 2009ல வெளியிட்ட நிலைப்பாட்டுலயே பாரப் பயிற்சி எடைக் குறைப்பைக் கூட்டுறது இல்லைன்னுதான் இருக்கு. டியூக் யுனிவர்சிட்டி 2012ல ஒரு ஆய்வு போட்டாங்க, எட்டு மாசம், 119 பேர், சாப்பாட்டை மாத்தச் சொல்லலை. ஏரோபிக், அதாவது நடை ஓட்டம் மாதிரி மூச்சு வாங்குற பயிற்சி மட்டும் பண்ணவங்களுக்கு வெயிட் குறைஞ்சுது, வெயிட் மட்டும் தூக்குனவங்களுக்கு மசில் கூடி மொத்த எடை லேசா ஏறுச்சு. அந்த நூறு கலோரிக் கதையும் பொய்தான், ஒரு கிலோ மசில் சும்மா இருக்கும்போது ஒரு நாளைக்கு எரிக்கிறது சுமார் 13 கலோரி.

ஆனா அவரு சொன்னதுல ஒரு துளி உண்மை இருந்துச்சு, அதனாலதான் நான் விழுந்தேன். சாப்பாட்டைக் குறைச்சு வெயிட் குறைக்கும்போது கொழுப்போட கொஞ்சம் மசிலும் போகும், அது நிஜம். 2017ல நியூ இங்கிலாண்ட் ஜர்னல் ஆஃப் மெடிசின்ல ஒரு ஆய்வு வந்துச்சு, 65 வயசுக்கு மேல, உடல் பருமன் உள்ள 160 பேர். டயட்டோட உடற்பயிற்சி பண்ண மூணு குரூப்புக்கும் வெயிட் ஒரே மாதிரி 9 சதவீதம் குறைஞ்சுது, ஆனா கொழுப்பில்லாத எடைன்னு சொல்றாங்களே, மசில் எல்லாம் சேர்ந்தது, அது ஏரோபிக் குரூப்புக்கு 5 சதவீதம் போச்சு, பாரப் பயிற்சி குரூப்புக்கு 2 சதவீதம்தான், ரெண்டையும் பண்ணவங்களுக்கு 3. அதாவது எவ்வளவு குறையுதுங்கிறதை அது மாத்தலை, எது குறையுதுங்கிறதை மாத்துது. வயசாக ஆக இதுக்கு மதிப்பு ஜாஸ்தி, மாடி ஏற, தரையில இருந்து கை ஊனாம எழுந்திரிக்க எல்லாம் மசில் வேணும். உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்னதும் ரெண்டும் சேர்த்துதான், வாரத்துக்கு 150 நிமிஷமாவது வேக நடை மாதிரி, அதோட ரெண்டு நாளாவது தசையை வலுப்படுத்துற பயிற்சி. நடைப்பயிற்சியை நிறுத்துன்னு எந்த இடத்துலயும் இல்லை.

புதுசா வெயிட் தூக்க ஆரம்பிச்சா முதல் ரெண்டு மூணு வாரம் தசையில தண்ணி தேங்கி எடை கொஞ்சம் கூடும், அதையும் ஒத்துக்கிறேன். ஆனா நாலு மாசமா ஏறிட்டே போகுது, இடுப்பு சுத்தளவும் கூடுதுன்னா அது மசில் இல்லைங்க. ஒரு டேப்பை எடுத்து தொப்புள் கிட்ட அளந்து பாருங்க, மெஷினும் வேண்டாம் ட்ரெய்னரும் வேண்டாம். நான் அதை ஒரு தடவை பண்ணியிருந்தா ரெண்டாவது மாசமே வெளிய வந்திருப்பேன்.

சேரணும்னா சேருங்க, நல்ல ட்ரெய்னர் நிறைய பேர் இருக்காங்க, ஆனா ஒரு மாசத்துக்கு மட்டும் கட்டுங்க. ஆறு மாசம் ஒரு வருஷம்னு தள்ளுபடி காட்டுவாங்க, வேண்டவே வேண்டாம், பாதியில நின்னா என்னன்னு எழுத்துல கேளுங்க. பழைய அடி, வலி, பிரஷர் இருக்கான்னு கூடக் கேட்காம வெயிட்டைக் கையில கொடுக்கிறவர் கிட்ட போகாதீங்க. டப்பா எது கொடுத்தாலும் லேபிளைப் படிக்காம வாயில வைக்காதீங்க.

காசு திரும்ப வந்துச்சான்னு கேப்பீங்க. வரலை. ரசீது, டாக்டர் சீட்டு எல்லாம் வச்சு மூணு மெயில் போட்டேன், ரெண்டு மாசம் பாக்கி இருந்ததையாவது கொடுங்கன்னு. நீங்களே நின்னுட்டீங்க, பாலிசி கிடையாதுன்னு ஒரே ஒரு வரி. பவுடரைப் பத்திக் கேட்டதுக்கு பதிலே இல்லை. நுகர்வோர் புகாருக்கு இப்ப எழுதிட்டிருக்கேன், அந்த ரெண்டு பேப்பரையும் பத்திரமா வச்சிருக்கேன்.

இப்ப பிசியோ சொல்லிக்கொடுத்த மாதிரி வீட்டுலயே வாரம் ரெண்டு நாள், நாற்காலியில உக்காந்து எழுந்திரிக்கிறது, சுவத்துல கை ஊனி புஷ் அப், ரப்பர் பேண்ட் இழுக்கிறது, எல்லாம் நோட்டுல எழுதி வச்சு. மத்த நாள் பழைய நடை. அஞ்சு மாசத்துல 78, இடுப்பு சுத்தளவுல 7 சென்டிமீட்டர் போயிருக்கு.

லாக்கர்ல இருந்த ஷூவை எடுக்க கடைசியா அங்க போனப்ப, வாசல் பக்கம் அதே மெஷின் மேல ஒரு சின்னப் பொண்ணு நின்னுட்டு இருந்தா, முகமெல்லாம் வெளிறிப் போய். அவரு அதே அமைதியில பேப்பரைப் பார்த்துட்டு இருந்தாரு. அவ கீழ இறங்கி வந்தப்ப நான் போய், அந்தப் பேப்பர்ல மேல மோடுன்னு ஒரு வரி இருக்கும் பாரும்மா, அதை போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கோ, இன்னைக்கு எதுவும் கட்டாதேன்னு சொன்னேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துட்டு பேகை எடுத்து மாட்டிக்கிட்டா.