டீம் ராக்கெட்டா, ஜானா?

பாலக்கோட்டில் அக்கா வீட்டுக்குப் போனால், ரிமோட் பெரியவன் கையில் இருக்கும்போது போகிமான், சின்னவள் பிடுங்கிவிட்டால் மோட்டு பட்லு. அதனால் போகிமானின் டீம் ராக்கெட், மோட்டு பட்லுவின் ஜான் என்று இந்த இரண்டு கார்ட்டூன்களின் வில்லன் கோஷ்டியையும் நன்றாகவே பார்த்தாகிவிட்டது; இதில் யார் மேல் என்பதுதான் கேள்வி.

ஜான் விஷயம் சிம்பிள். மோட்டு பட்லு 2012-ல் நிக் சேனலில் தொடங்கிய தொடர், ஃபுர்ஃபுரி நகரில் பெரிய டான் ஆக வேண்டும் என்பதுதான் அவன் கனவு, கூடவே நம்பர் 1, நம்பர் 2 என்று இரண்டு அடியாட்கள். எதுகை மோனை போட்டுப் பேசுவான், திருடுவான், ஹீரோ மோட்டு சமோசாவை வாயில் போட்டதும் பலம் வந்து ஆட்டம் க்ளோஸ். "மாமா, ஜான் அடி வாங்குறதுதான் செம"ன்னு சின்னவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

டீம் ராக்கெட் கதையே வேறு. ஜெஸ்ஸி, ஜேம்ஸ், பேசும் பூனைப் போகிமானான மியாவ்த் மூவரும் 1997-லிருந்து 2023 வரை ஹீரோ ஆஷின் போகிமானான பிக்காச்சுவைத் தூக்க அலைந்தார்கள்; வேஷம் கட்டி, குழி வெட்டி, ரோபோ செய்து, எல்லாம் கடைசியில் வானத்தில் ஒரு புள்ளியாகப் பறந்து போவதற்குத்தான். ஆனால் மியாவ்த்தின் பழைய கதை ஒன்று வரும் பாருங்கள், ஒரு பெண் பூனையைக் கவர்வதற்காக மனிதர் மாதிரி நிமிர்ந்து நடக்கவும் பேசவும் மாடாய் உழைத்துக் கற்றுக்கொண்டு போய் நிற்கும், அவளோ நீ என்ன விசித்திரப் பிறவி என்று விரட்டிவிடுவாள். சக்தியெல்லாம் அதிலேயே கரைந்து, அதன் இனத்துக்கே உரிய காசு வீசும் வித்தையும் வராமல் போய்விட்டது. ஜானை நினைத்து யாராவது ஐயோ பாவம் என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

ஐந்து வயதுக்குள் ஜான் போதும், அதற்கு மேல் என் ஓட்டு டீம் ராக்கெட்டுக்குத்தான்.