சொந்த ஃபெல்லோஷிப்பா, கைடின் ப்ராஜெக்ட்டா?

எம்.எஸ்சி. முடித்துவிட்டுப் பல்கலைக்கழக செல் பயாலஜி லேபில் சேர நினைப்பவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு வழிகள்தாம். சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். (ஜூனியர் ரிசர்ச் ஃபெல்லோஷிப், அதாவது ஆராய்ச்சி உதவித்தொகை) வாங்கிக்கொண்டு போகலாம். இல்லையென்றால், வழிகாட்டும் பேராசிரியர் (கைடு) நிதி வாங்கிவந்த ப்ராஜெக்ட்டில் அசோசியேட்டாகச் சேரலாம். (லேப் டெக்னீஷியன் வேலையும் உண்டு. நிரந்தரப் பணி என்றால் அருமைதான், காலியிடம் அறிவித்தால்தானே!)

சம்பளத்தில் ஜே.ஆர்.எஃப். கைதான் ஓங்கியிருக்கிறது. 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய். இரண்டு வருடம் கழித்து மதிப்பீட்டில் தேறினால் எஸ்.ஆர்.எஃப். (சீனியர் ஃபெல்லோஷிப்), 42,000. இரண்டும் சேர்த்து ஐந்து வருடம். வீட்டு வாடகைப்படி தனி. ப்ராஜெக்ட்டில் நெட், கேட் போன்ற தேர்வுகளில் தேறாதவருக்குத் தொகை குறையும்.

ஆனால் ஜே.ஆர்.எஃப். சும்மா வருவதில்லை. லைஃப் சயின்சஸ் தாளில் 145 கேள்விகளில் 75-க்கு விடை எழுத வேண்டும், மொத்தம் 200 மதிப்பெண். அதில் பாதி கடைசிப் பகுதியில் இருக்கிறது: 25 கேள்விக்கு விடை, தலா 4 மதிப்பெண். ஜெல் படத்தையும் வரைபடத்தையும் காட்டி என்ன நடந்தது என்று கேட்பார்கள். ஒரு வருடம் வெஸ்டர்ன் பிளாட் (ஜெல்லில் புரதங்களைப் பிரித்துக் கண்டறியும் சோதனை) ஓட்டியவருக்கு அவை பழகிய முகங்கள். அதனால்தான் ப்ராஜெக்ட்டில் இருந்துகொண்டே நெட் எழுதுவதை நான் குறைத்துப் பேசமாட்டேன். படிக்க நேரம் கிடைக்குமா என்பது வேறு விஷயம். லேபில் வளர்க்கும் ஹீலா செல் (மனிதப் புற்றுநோய்ச் செல் வகை) ஏறக்குறைய ஒரு நாளில் இரட்டிப்பாகும், அதற்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த ப்ராஜெக்ட் என்றால், ஆபரேஷன் முடிந்து திசு எப்போது வருகிறதோ அப்போதுதான் உங்கள் நாள் தொடங்கும்.

ப்ராஜெக்ட்டில் பார்க்க வேண்டியது முடிவுத் தேதி. மூன்று வருட ப்ராஜெக்ட் என்றால் நீங்கள் சேர்ந்த நாளிலிருந்து மூன்று வருடம் அல்ல. நான் சேர்ந்தபோது 14 மாதம்தான் மிச்சம். யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நிதியைச் செலவிட்டதற்கான பயன்பாட்டுச் சான்றிதழ் போகவில்லை என்று நடுவில் நான்கு மாதச் சம்பளமும் நின்றது. பிஎச்.டி.க்குப் பதிவு செய்ய விடுவார்களா என்பதையும் சேரும் முன்பே கேட்டுவிடுங்கள்.

அப்படியானால் ஜே.ஆர்.எஃப். இருந்தால் ராஜாதானே? அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சி.எஸ்.ஐ.ஆர். ஃபெல்லோஷிப்போடு வரும் கன்டின்ஜென்சி (ஆராய்ச்சிச் செலவுக்கான தொகை) வருடத்துக்கு 20,000 ரூபாய். பெயர்பெற்ற வெளிநாட்டு எஃப்.பி.எஸ். சீரம் (செல் வளர்க்கச் சேர்க்கும் மாட்டுக் கருவின் ரத்த நீர்) அரை லிட்டர் பாட்டில் ஒன்று வாங்கவே அது போதாது. ஆன்டிபாடி பக்கம் தலைவைத்தே படுக்க முடியாது. உங்கள் சாப்பாட்டுக்கு ஃபெல்லோஷிப் இருக்கிறது. செல்களின் சாப்பாட்டுக்குக் கைடின் ப்ராஜெக்ட்தான். நிதியில்லாத லேபில் ஜே.ஆர்.எஃப்.போடு உட்கார்ந்து, பக்கத்து லேபில் மீடியா (செல் வளர்ப்புத் திரவம்) கடன் கேட்டே வருடங்களை ஓட்டிய சீனியர்களைப் பார்த்திருக்கிறேன்.

என் ஓட்டு ஜே.ஆர்.எஃப்.புக்கே, அதுவும் குறைந்தது இரண்டு வருடமாவது நிதி மிச்சமிருக்கும் லேபில். அப்படி லேப் அமையாவிட்டால், புதிதாக அனுமதியான ப்ராஜெக்ட் மேல். கைடிடம் இதை நேரடியாகக் கேட்கக் கூச்சமாக இருந்தால், லேப் ஸ்காலரை டீக்கடைக்குக் கூட்டிப்போய், கடைசி சீரம் பாட்டில் எப்போது, எந்தப் பணத்தில் வந்தது என்று கேளுங்கள்.