கொலோசியம், ஏடிஎம், மீன்: இத்தாலி போகிற தம்பதிகள் கவனத்துக்கு

கல்யாணமாகி முப்பது வருஷம் ஆனதற்காகப் போன அக்டோபரில் நானும் என் வீட்டுக்காரரும் இத்தாலி போய் வந்தோம். ரோம், ஃபிளாரன்ஸ், வெனிஸ், மொத்தம் பத்து நாள். கிளம்புவதற்கு முன்னால் புத்தி சொன்ன அத்தனை பேரும் பிக்பாக்கெட்டைப் பற்றித்தான் சொன்னார்கள். டெர்மினி ஸ்டேஷனில் ஜாக்கிரதை, வத்திக்கான் பக்கம் போகும் 64-ஆம் நம்பர் பஸ்ஸில் ஜாக்கிரதை, கையில் கயிறு கட்ட வருகிறவனிடம் ஜாக்கிரதை. மகள் பயந்துபோய், சட்டைக்குள் இடுப்பில் கட்டிக்கொள்கிற மாதிரி ஒரு துணிப்பை தைத்து வாங்கி வந்தாள். இவர் அதில் 300 யூரோவை வைத்துக் கட்டிக்கொண்டு பத்து நாளும் சுற்றினார். ஒருத்தரும் தொடவில்லை.

பணம் போனது வேறு மூன்று வழிகளில். மூன்றிலும் நாங்களே பட்டனை அழுத்தினோம், அல்லது தலையை ஆட்டினோம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் அடி மதுரையில் வீட்டு ஹாலில் உட்கார்ந்திருக்கும்போதே விழுந்துவிட்டது. ரோமில் இருக்கும் பழங்கால அரங்கம் கொலோசியம். அதற்கு டிக்கெட் என்று தேடினேன். முதலில் வந்த தளத்தைத் திறந்தால் கொலோசியம் படம், பெரிய எழுத்தில் ‘அதிகாரபூர்வ டிக்கெட்டுகள்’, பக்கத்தில் ‘இன்னும் 3 இடங்களே உள்ளன’ என்று சிவப்பில் மின்னுகிறது. ஒரு ஆளுக்கு 59 யூரோ. இவர், “கொஞ்சம் பொறும்மா, பார்த்து வாங்கலாம்” என்றார். இடம் தீர்ந்துவிடும் என்று நான்தான் அவசரப்பட்டேன். காலை 10:30 மணிக்கு என்று தேர்வு செய்து, இரண்டு பேர் பெயரும் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே அடித்து, 118 யூரோ கட்டினேன். வந்தது டிக்கெட் இல்லை, ஒரு வவுச்சர். ‘கான்ஸ்டன்டைன் வளைவு அருகே எங்கள் பிரதிநிதியைச் சந்திக்கவும்’ என்று போட்டிருந்தது.

சொன்ன நாளில் பத்து மணிக்கே போய் வளைவுக்கு எதிரில் நின்றோம். 315-ஆம் ஆண்டில் எழுப்பிய வளைவு அது. நாற்பது நிமிஷம் நின்றதில் அதன் ஒவ்வொரு சிற்பமும் எனக்கு மனப்பாடம். கடைசியில் மஞ்சள் குடை பிடித்த ஒரு பையன் வந்து, கைபேசியில் பட்டியலைப் பார்த்து, இரண்டு காகித டிக்கெட்டை நீட்டிவிட்டு அடுத்த கும்பலைத் தேடிப் போய்விட்டான். நாங்கள் கேட்டில் கொடுத்தோம். அங்கே இருந்த பெண் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். நுழைவு நேரம் மாலை 4:45 என்று அச்சாகியிருந்தது.

எங்களுக்கு 5:10-க்கு டெர்மினியில் ஃபிளாரன்ஸ் ரயில். பணம் திரும்பக் கிடைக்காத டிக்கெட். அந்த நிறுவனத்துக்குப் போன் போட்டால், நேரம் மாறலாம் என்று நிபந்தனையில் இருக்கிறது, நீங்கள் ஒப்புக்கொண்டு டிக் அடித்திருக்கிறீர்கள் என்றார்கள். அடித்திருந்தேன்தான்.

அதைவிட எரிச்சல், அந்த டிக்கெட்டில் பெயருக்குக் கீழே விலையும் இருந்தது: 18 யூரோ. அதுதான் அரசு விலை. கொலோசியத்தோடு, பக்கத்திலேயே பழைய ரோமின் இடிபாடுகள் இருக்கும் ரோமன் ஃபோரம், பலடைன் குன்று இரண்டுக்கும் சேர்த்து 18. மேற்கொண்டு நான் கொடுத்த 82 யூரோவும் மஞ்சள் குடைக்கு. ரோமப் பேரரசர் டைட்டஸ் 80-ஆம் ஆண்டில் திறந்து வைத்த கட்டடத்தை வெளியிலிருந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஃபோரம் பக்கமாவது போனோம். ஃபோரம் அருமை. ஆனாலும் இவர் வழியெல்லாம் கொலோசியத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

இனிமேல் போகிறவர்களுக்கு: கொலோசியம் தொல்லியல் பூங்காவே நடத்தும் தளத்தின் முகவரி ticketing.colosseo.it. டிக்கெட் 30 நாள் முன்னால்தான் திறக்கும். அதற்கும் முந்தி யாராவது குறிப்பிட்ட நேரத்துக்கு டிக்கெட் தருகிறேன் என்றால், கையில் இல்லாத சரக்கை விற்கிறார் என்று அர்த்தம். 2023 அக்டோபரிலிருந்து டிக்கெட்டில் பெயர் கட்டாயம், கேட்டில் பாஸ்போர்ட் பார்ப்பார்கள். இப்படிப் பெயர் போட ஆரம்பித்ததே மொத்தமாக வாங்கிப் பதுக்குகிறவர்களைத் தடுக்கத்தான். நாங்கள் போவதற்கு ஆறு மாதம் முன்புகூட, 2025 ஏப்ரலில், இத்தாலியில் வியாபாரப் போட்டியைக் கண்காணிக்கும் ஆணையம் இந்த டிக்கெட் பதுக்கல் விவகாரத்தில் ஏழு நிறுவனங்களுக்குக் கிட்டத்தட்ட 2 கோடி யூரோ அபராதம் போட்டிருக்கிறது. டிக்கெட் விற்கும் பொறுப்பில் முன்பு இருந்த நிறுவனமும் அதில் ஒன்று. மென்பொருளை வைத்து டிக்கெட்டை அள்ளியிருக்கிறார்கள். இதையெல்லாம் ஊருக்குத் திரும்பி வந்த பிறகுதான் படித்தேன்.

ஃபிளாரன்ஸில் இவர் முறை. முப்பத்திரண்டு வருஷம் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கேஷ் கவுண்டரில் கள்ளநோட்டைத் தொட்டுப் பார்த்தே சொல்லுவார். கதீட்ரல் பக்கத்துச் சந்தில் சுவரில் பதித்த ஒரு ஏடிஎம்மில் 200 யூரோ எடுத்தார். திரையில், உங்கள் கணக்கிலிருந்து இத்தனை ரூபாய் எடுக்கப்படும், சம்மதமா என்று வந்தது. நம்ம ரூபாயிலேயே காட்டுகிறதே என்ற சந்தோஷத்தில் சம்மதம் கொடுத்தார். 23,100 ரூபாய். இரண்டு நாள் கழித்து வெனிஸில் ஒரு நிஜ வங்கியின் ஏடிஎம்மில் அதே 200 யூரோ எடுத்தோம். இந்தத் தடவை ரூபாய் கணக்கு வேண்டாம் என்று அழுத்தினார். எங்கள் வங்கியின் கட்டணமெல்லாம் சேர்த்து 20,700. ஒரே ஒரு பட்டனில் 2,400 ரூபாய் வித்தியாசம்.

ரூபாயில் போடட்டுமா என்று மெஷின் கேட்டால், மாற்று விகிதத்தை அந்த மெஷின்காரரே வைத்துக்கொள்வார். வேண்டாம் என்று அழுத்தினால் பரிவர்த்தனை ரத்தாகிவிடுமோ என்று பயம் வருகிற மாதிரிதான் திரையில் வாசகம் இருக்கும். ரத்தாகாது, யூரோவிலேயே பணம் வரும். கடைகளில் கார்டு தேய்க்கும்போதும் இதே கேள்வி வரும், அங்கேயும் யூரோ என்றே சொல்லுங்கள். இவருக்கு இது தெரியாமல் இல்லை. “கண்ணாடி போடலம்மா” என்றார். சரி, விட்டுவிட்டேன். காலையில் மூட்டுவலியோடு என்னோடு 463 படி ஏறி அந்தக் கதீட்ரலின் டோம் உச்சி வரை வந்த மனுஷனை என்ன சொல்ல?

மூன்றாவது அடியில் பழி முழுக்க என்மேல்தான். கரிமேடு மார்க்கெட்டில் தராசு முள்ளைப் பார்க்காமல் நான் மீன் வாங்கியதே இல்லை. வெனிஸில் ரியால்டோ பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு உணவகத்தில் உட்கார்ந்தோம். மெனுவில் சுட்ட மீன், 8.50. பக்கத்தில் பொடி எழுத்தில் ஏதோ இத்தாலியச் சொல். நம்ம கொடுவா மாதிரி ஒரு மீனைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து காட்டினார் சர்வர். கண் பளபளவென்று, செவுள் ரத்தச் சிவப்பாக, குறை சொல்ல முடியாத மீன். தலையாட்டினேன். இவர் மட்டும், “ஏம்மா, இவ்வளவு பெரிய மீனா 8.50?” என்று கேட்டார். “ஊரில் கிடைக்காத விலை, பேசாம சாப்பிடுங்க” என்றேன்.

அந்தப் பொடி எழுத்துச் சொல் ‘எட்டோ’. எட்டோ என்றால் 100 கிராம். மீன் ஒரு கிலோ நானூறு கிராம், அதுவும் குடல் எடுப்பதற்கு முந்தைய எடை. மீனுக்கு மட்டும் 119 யூரோ. உட்கார்ந்ததற்கு ‘கொபெர்த்தோ’ என்று ஆளுக்கு 4. சாலட் இரண்டு 14, தண்ணீர் 6. இத்தனைக்கும் மேலே 12 சதவீதம் சேவைக் கட்டணம். ஆக மொத்தம் 164.64. சண்டை போட வாயைத் திறந்தேன். சர்வர் மெனுவை எடுத்து, அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்தார். வாயை மூடிக்கொண்டேன்.

மீனாகட்டும், ஃபிளாரன்ஸில் பெரிய மாட்டுக்கறி ஸ்டேக் ஆகட்டும், எடைக்கு விற்பது அங்கே வழக்கம்தான். அதனால் சமைக்கிறதுக்கு முன்னால் எடை போடச் சொல்லி, மொத்த விலையைக் காகிதத்தில் எழுதி வாங்குங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். கொபெர்த்தோ, சேவைக் கட்டணம் இரண்டும் மெனுவின் கடைசிப் பக்கத்தில் எங்கேயாவது ஒளிந்திருக்கும்.

அதே வெனிஸில் கோண்டோலாவில் எங்களை யாரும் ஏமாற்றவில்லை. பகலில் அரை மணி நேரத்துக்கு 90 யூரோ, அது படகுக்கு, ஆளுக்கு இல்லை என்று முன்பே தெரிந்து போனோம். இவர் 90 என்றார், படகுக்காரரும் தலையை ஆட்டினார், அவ்வளவுதான் பேச்சு.

ஊருக்கு வந்ததும் கொலோசியம் பணத்தைக் கேட்டு கிரெடிட் கார்டு வங்கியில் புகார் கொடுத்தோம். இவரே உட்கார்ந்து, ஆதாரமெல்லாம் வரிசையாக வைத்து எழுதினார். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது: டிக்கெட் வழங்கப்பட்டுவிட்டது, வாடிக்கையாளர் பயன்படுத்தவில்லை, எனவே நிராகரிப்பு.

ஜூனில் ரோம் போகிற எதிர்வீட்டுத் தம்பதி அந்த இடுப்புப் பையைக் கேட்டு வந்தார்கள். துவைத்துக் கொடுத்தேன். உள்ளே 18 யூரோ என்று அச்சடித்த எங்கள் டிக்கெட் இரண்டையும் மடித்து வைத்திருக்கிறேன்.